ராக்கம்மாள் கை நனைத்த வீடு

குச்சனூர் ராக்கம்மாளைப் பற்றி ஊரில் இரண்டு கதைகள் உலவுகின்றன. மகனோடு விமானத்தில் ஏறி மேகத்துக்குள் போய்வந்தார் என்பது ஒன்று. சென்னையில் ஒரு விமானப் பள்ளியின் தலைவரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வந்தார் என்பது மற்றொன்று. இரண்டும் நடக்கவில்லை. அவர் கடைசிவரை எந்த விமானத்திலும் கால் வைத்ததில்லை. அந்தத் தலைவரிடம் அவர் பேசியதெல்லாம் மரியாதையான பேச்சு. இங்கிலீஷ் பேச ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனதால் இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். நான் நேரில் காணாத இடங்களில், எனக்குச் சொன்னவர் யார் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் ராயப்பன்பட்டிக்காரன். குச்சனூர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். பள்ளிக்குப் பின்னால் வாய்க்காலை ஒட்டி ராக்கம்மாளின் வயல். அவர் பிறந்த ஊர் உப்புக்கோட்டை. கருத்தக்கண்ணனுக்கு வாக்கப்பட்டு இங்கே வந்தவர். இந்தப் பக்கத்தில் முதன்முதலாக லாரி ஓட்டக் கற்றுக்கொண்ட சிலரில் கருத்தக்கண்ணனும் ஒருவர். குமுளி மலைக்கு மேலே எஸ்டேட்டுகளிலிருந்து ஏலக்காய் மூட்டைகளை இறக்கிக்கொண்டு வருவார். 1931 ஆடி மாதத்தில் மலைப்பாதையில் மூட்டம் இறங்கியிருந்தபோது அவருடைய லாரி வளைவில் திரும்பாமல் பள்ளத்தில் போய்விட்டது. பின்னால் வந்த இன்னொரு லாரிக்காரர் சொன்னார்: "நீட்டுன கை தெரியல. கண்ணன் அண்ணன் நேராப் போறோம்னு நெனச்சுத்தான் போயிருக்காக." அப்போது மகன் அம்மாவாசிக்கு எட்டு வயது.

அதன்பிறகு ராக்கம்மாள் தம்பி சின்னக்கருப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டு போகமும் தாமே பயிர் செய்தார். ஆனால் ஊர் அவரைத் தேடி வந்தது நெல்லுக்காக அல்ல, வீடு பார்ப்பதற்காக.

பெண் கொடுப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பார்க்கப் போகிற இடத்தில், சம்பந்தம் பேசி முடியாமல் எதையும் சாப்பிடக்கூடாது. சாப்பிடுவதைக் கை நனைப்பது என்பார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதித்ததாக ஆகிவிடும். பிறகு பின்வாங்கினால் அந்த வீட்டைக் கேவலப்படுத்தியதாக எடுத்துக்கொள்வார்கள். ராக்கம்மாள் இந்த விஷயத்தில் தண்ணீர்கூடத் தொடமாட்டார்.

அவர் வீடு பார்க்கும் விதமே வேறு. மாப்பிள்ளையை ஒரு பார்வைதான் பார்ப்பார். நேரே கொல்லைப்புறம் போவார். அந்த வீட்டுக்கு ஏற்கெனவே வந்திருக்கிற மருமகளிடம், மாமியார் காதில் விழும்படியாகப் பேச்சுக் கொடுப்பார். சுருளியாண்டி என்பவர் மகளுக்காக அல்லிநகரத்தில் ஒரு வீட்டுக்குப் போனபோது, மூத்த மருமகள் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் மாமியார் முகத்தைப் பார்த்திருக்கிறாள். ராக்கம்மாள் எழுந்து வந்துவிட்டார். பெரியகுளத்தில் இன்னொரு வீட்டில் மூத்த மருமகள், "எங்க அத்தை கொழம்புல உப்பே போடமாட்டாக, பெரியம்மா" என்றாளாம். "ஒனக்கு நாக்கு மட்டும் நீளம், ஒரலாட்டம் எடத்த விட்டு நகரமாட்ட" என்றாராம் மாமியார். இருவரும் சிரித்திருக்கிறார்கள். ராக்கம்மாள் உடனே, "மோர் இருந்தாக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடித்துச் சம்பந்தத்தை முடித்தார். இதை எனக்குச் சொன்னவர் சுருளியாண்டியே. அவர் மகள் அந்த வீட்டில் நன்றாக வாழ்ந்ததை நானும் பார்த்தேன்.

அம்மாவாசி என்னிடம் எழுத்துப் படித்தவன். பெரியகுளத்தில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்தான். யுத்த காலத்தில் விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்தான். யுத்தம் முடிந்ததும் வடக்கே ஒரு பறக்கும் கழகத்தில் இயந்திர வேலை பார்த்துக்கொண்டே ஓட்டவும் கற்று, பகலில் ஓட்டுவதற்கு லைசென்ஸ் வாங்கிவிட்டான். ராக்கம்மாள் அதற்குத் தடை சொல்லவில்லை. "வெளிச்சத்துல போறவன் வந்துருவான்" என்பார்.

1948 ஆவணியில் அவன் ஊருக்கு வந்தபோது பையில் இரண்டு அச்சடித்த புத்தகங்கள் இருந்தன. சென்னையில் தபாலும் சரக்கும் ஏற்றும் ஒரு கம்பெனி அவனைத் துணை ஓட்டியாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஒரே நிபந்தனை: மேகத்துக்குள்ளும் இருட்டிலும் வெளியே பார்க்காமல், முன்னால் இருக்கும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுகிற தேர்ச்சி வேண்டும். தை பிறப்பதற்குள் சான்று காட்டாவிட்டால் இடம் இன்னொருவனுக்குப் போய்விடும். அந்தப் பயிற்சி தரும் பள்ளிகள் தெற்கே இரண்டுதான் அவனுக்குத் தெரிந்தன. ஒன்று சென்னைக்கு வெளியே, மற்றொன்று பெங்களூருக்கு வெளியே. அவற்றின் பெயர் இங்கே தேவையில்லை.

களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. காக்கையை ஓட்டிக்கொண்டே ராக்கம்மாள் கேட்டார்.

"மூட்டத்துக்குள்ள வேணும்னே போவீகளா?"

"போகத்தான வேணும், ஆத்தா. தபாலு நிக்குமா?"

"உள்ள என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. முன்னால முள்ளு முள்ளா கடியாரம் மாதிரி இருக்கும். அது சொல்றதத்தான் நம்பணும். நம்ம ஒடம்பு சொல்றத நம்பக்கூடாது. ஒடம்பு பொய் சொல்லும்."

ராக்கம்மாள் மறுபடி இறங்கிய காக்கையை விரட்டினார். பிறகு, "ஒங்கப்பனுக்கு இதச் சொல்லிக் குடுக்க ஆளில்லாமப் போச்சு" என்றார். அடுத்தபடியாக, "எந்த வீடு?" என்று கேட்டார்.

"வீடு இல்ல, ஆத்தா. பள்ளிக்கூடம். சென்னையிலேயே சேந்துருவேன். கம்பெனியும் பக்கத்துல, சீக்கிரம் முடிச்சும் விட்டுருவாக."

"பிள்ளையக் குடுக்குற எடமெல்லாம் வீடுதான். ரெண்டையும் நான் பாக்கணும். பாக்காம அனுப்பமாட்டேன். மீறிப் போனா நான் தடுக்கமாட்டேன். ஆனா நீ திரும்பி வர்ற வரைக்கும் இந்த அடுப்புல நெருப்பு இருக்காது."

சின்னக்கருப்பு நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "ஏக்கா, ஏரோப்பிளான் மாப்பிள்ளைக்குச் சீர் என்ன கேப்பாகளோ?" என்றார்.

"நீயும் வா. தாய்மாமன் இல்லாம வீடு பாக்க முடியாது" என்றார் ராக்கம்மாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வாத்தியாரய்யா, நீங்களும் வரணும். அவுக பேசுறத அப்படியே சொல்லணும். இனிப்புக் கலக்காம" என்றார்.

போடி ரயில் தண்டவாளத்தை யுத்தத்துக்காகப் பிடுங்கிக்கொண்டு போயிருந்த காலம் அது. சின்னமனூரிலிருந்து பஸ் பிடித்துத் தேனி வழியாக மதுரை போய், அங்கே சென்னை ரயில் ஏறினோம். பள்ளிக்குப் போன நாள் சனிக்கிழமை.

சென்னைப் பள்ளியைக் குறைசொல்ல எனக்குக் காரணம் இல்லை. புதிதாக வெள்ளையடித்த கட்டடம், வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள், வரிசையாகத் துடைத்து நிறுத்திய விமானங்கள். தலைவர் உயரமான மனிதர். இங்கிலீஷ் மட்டுமே பேசுவார். தம் நாற்காலியையே எடுத்து ராக்கம்மாளுக்குப் போட்டார். ராக்கம்மாள் உட்காரவில்லை.

"கொல்லைப்புறத்தப் பாக்கணும்னு சொல்லுங்க" என்றார் என்னிடம்.

நான் சொன்னேன். அவர் சற்று விழித்துவிட்டு, சிரித்து, தாமே அழைத்துப் போய்க் காட்டினார். பழுது பார்க்கும் கொட்டகையும் சுத்தமாகத்தான் இருந்தது. பயிற்சி எப்படி என்று விளக்கினார்: மாணவன் தலைக்கு மேலே துணிக் கூண்டு ஒன்றைப் போட்டு மூடிவிடுவார்கள், ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார், மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அம்மாவாசிக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

அங்கே பயிற்சியில் இருந்த தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவரை ராக்கம்மாள் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இங்கன என்ன கொற?"

அந்த இளைஞர் தலைவரைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லைங்க."

"சாப்பாடு?"

மறுபடியும் பார்த்தார். "நல்லா இருக்குங்க."

"மூட்டத்துக்குள்ள மொதல்ல போனப்ப பயந்தீகளா?"

"பயமே இல்லைங்க" என்றார், தலைவரைப் பார்த்தபடியே.

ராக்கம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். அல்லிநகரத்து மருமகள் என் நினைவுக்கு வந்தாள். அவருக்கும் வந்திருக்க வேண்டும்.

தலைவர் எங்களைச் சாப்பிட அழைத்தார். சனிக்கிழமை விரதம் என்று ராக்கம்மாள் சொன்னார். அது பொய்யில்லை, குச்சனூர்க்காரர்கள் பலருக்கும் சனிக்கிழமை விரத நாள்தான். நானும் அம்மாவாசியும் மறுத்துவிட்டோம். அப்போதுதான் சின்னக்கருப்பைக் காணவில்லை என்று தெரிந்தது. தேடிப் போனால் சாப்பாட்டுக் கூடத்தில், கோழிக்கறியும் ரொட்டியும் சோறுமாக ஒரு பெரிய தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

ராக்கம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "என்னலே பண்ணுற?"

"சாப்பிடுறேன், அக்கா."

"கை நனைச்சிட்டியேலே!"

"கை மட்டுமா? முழங்கை வரைக்கும் நனைஞ்சிருச்சு" என்றார் சின்னக்கருப்பு, எலும்பைக் கீழே வைக்காமல்.

அங்கிருந்து பெங்களூருக்குப் போகும் ரயிலில் ராக்கம்மாள் தம்பியோடு பேசவில்லை. தண்ணீர்ச் செம்பை வேண்டுமென்றால்கூட என்னிடம் சொல்லி அவரிடம் வாங்கினார். அம்மாவாசி மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து சீட்டியடித்துக்கொண்டு வந்தான். இத்தனை நடந்தும் அவன் கலங்காமல் இருந்தது எனக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது.

பெங்களூர்ப் பள்ளி தகரக் கொட்டகைகளால் ஆனது. விமானங்கள் பழையவை; ஒன்றின் இறக்கையில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஆசிரியர் மாதப்பா, குடகு நாட்டுக்காரர். பருத்த உடம்பு, எண்ணெய்க் கறை படிந்த உடுப்பு. பட்டாளத்தில் தமிழர்களோடு இருந்து கற்றுக்கொண்ட தமிழில் எல்லாரிடமும் ஒருமையில்தான் பேசினார். எனக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கொல்லைப்புறம் பார்க்கவேண்டும் என்றதும், "இங்கே எல்லாம் கொல்லைப்புறம்தான், அம்மா. முன்புறம் கிடையாது" என்றார்.

பாலக்காட்டு இளைஞர் ஒருவர் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெயர் குஞ்ஞுண்ணி. ராக்கம்மாள் அவரிடம் அதே கேள்வியைக் கேட்டார். மாதப்பா பக்கத்திலேயே நின்றார்.

"குறையா? நிறைய உண்டு, அம்மா" என்றார் குஞ்ஞுண்ணி, துடைப்பதை நிறுத்தாமல். "இவர் காதுக்குள்ளேயே கத்துவார். சின்னத் தப்புக்கும் முதலிலிருந்து செய்யச் சொல்வார். எனக்கு முன்னால் வந்தவன் பாதியில் விட்டுப் போய்விட்டான், எனக்கு இன்னும் சான்று கிடைக்கவில்லை."

"காது இருந்தால்தானே கத்தாமல் இருப்பேன்" என்றார் மாதப்பா. "போன வாரம் இவன் என்னைக் கொண்டுபோய் மலைமேல் மோத இருந்தான், அம்மா."

"அதற்கு முந்தின வாரம் வழி தவறியது யார்?"

"நான்தான்" என்றார் மாதப்பா. "அதையும் சொல்லிவிட்டாயா?"

ராக்கம்மாளின் முகத்தில், சென்னையை விட்டுக் கிளம்பிய பிறகு முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. வந்ததும் போய்விட்டது.

அந்தக் கொட்டகையில் ஒரு பெட்டி இருந்தது. ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு மரத்தில் செய்த குட்டி விமானம். தரையில் ஊன்றிய தண்டின்மேல் நிற்கும். உள்ளே இருப்பவன் ஓட்டுகிறபடி சாயும், திரும்பும். மூடியைப் போட்டுவிட்டால் அவனுக்குக் கருவிகளின் முள்ளைத் தவிர வேறொன்றும் தெரியாது. வெளியே ஒரு மேசைமேல் சின்னச் சக்கர வண்டி ஒன்று நகர்ந்து, அவன் போகும் வழியைக் காகிதத்தில் மைக்கோடாக இழுத்துக் காட்டும்.

"உட்கார். வடக்கே நேராகப் போ" என்றார் மாதப்பா, அம்மாவாசியிடம்.

பகலில் எத்தனையோ மணி நேரம் ஓட்டியவன் அவன். அலட்சியமாக ஏறி உட்கார்ந்தான். மூடி விழுந்தது. கொஞ்ச தூரம் கோடு நேராகத்தான் போயிற்று. பிறகு மெல்ல வளைந்தது. வளைந்தது வட்டமானது. வட்டம் சிறுத்துக்கொண்டே வந்தது.

ராக்கம்மாள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வந்து பெட்டியின்மேல் கையை வைத்தார். "ஏலே அம்மாவாசி, எங்கன போற?"

"நேராத்தான் போறேன், ஆத்தா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் கை பெட்டியின்மேலேயே இருந்தது. மை வண்டி சுற்றிக்கொண்டே இருந்தது.

மாதப்பா விசையை நிறுத்தி மூடியைத் திறந்தார். "இறங்கு. சுற்றிச் சுற்றித் தரையில் விழுந்தாயிற்று" என்றார். அம்மாவாசி காகிதத்தைப் பார்த்தான். அவன் சட்டை நனைந்திருந்தது. மாதப்பா ராக்கம்மாளிடம் சொன்னார்: "பயப்படாதே, அம்மா. முதல் தடவை எல்லாரும் இப்படித்தான். நானும் இப்படித்தான். உடம்பு நேராகப் போகிறோம் என்று சத்தியம் செய்யும். முள்ளை நம்புவதற்கு நாளாகும். ஆனால் அந்த நாள் வராமல் நான் இவனை விடமாட்டேன். எத்தனை வாரம் என்று என்னைக் கேட்காதே."

பிறகு அவரே காபி கொண்டுவந்து கொடுத்தார். குடகுக் காபி. ஆவி பறந்தது. ராக்கம்மாள் அதைப் பார்த்தார். நான் அவரைப் பல வருஷம் அறிந்தவன். குடிக்க அவருக்கு ஆசை இருந்தது.

"வேணாங்க" என்றார்.

மாதப்பாவுக்கு முகம் வாடிவிட்டது.

வெளியே வந்து மரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். ராக்கம்மாள் யாரும் கேட்காமலே சொன்னார்: "இந்த வீடுதான் வீடு. ஆனா சென்னையில கை நனைச்சாச்சு. ஒரு எடத்துல தின்னுட்டு இன்னொரு எடத்துல பேசுறது மனுசத்தனம் இல்ல. அம்மாவாசி, நீ அங்கனயே சேந்துக்க."

இதைத்தான் அவன் ஊருக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஆனால் இப்போது அவன் முகம் வெளுத்துப் போயிற்று.

"ஆத்தா, எனக்கு இங்கனதான் சேரணும்."

"மாமன் தின்னுட்டானே."

"மாமாவ அங்கன தின்னச் சொன்னது நாந்தான்." அவன் கீழே பார்த்துக்கொண்டு பேசினான். "நீ வேணாம்னு சொல்லிருவியோன்னு பயந்தேன். கை நனைச்சிட்டா மறுக்கமாட்டேன்னு தெரியும். அதனால மாமாகிட்டச் சொல்லி வச்சேன்."

ராக்கம்மாள் மகனையும் பார்த்தார், தம்பியையும் பார்த்தார். சின்னக்கருப்பு, தம் மேல் பழி முழுவதும் விழாமலிருக்க, "இவன் சொல்லாட்டியும் நான் தின்னுருப்பேன், அக்கா. கறி அப்படி" என்றார்.

"பெத்த தாய ஏமாத்த மாமன ஒரு தட்டுக் கறிக்கு வாங்கியிருக்கானே!" என்று முந்தானையால் அம்மாவாசியின் முதுகில் ஒரு போடு போட்டார். அடி பலமில்லை. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"ஏமாத்துனது நமக்குத்தான தெரியும்" என்றார். "அந்தப் பெரிய மனுசருக்குத் தெரியாதே. அவரப் பொறுத்தமட்டுல நாம அவுக வீட்டுல கை நனைச்சவுக. அவுக விடுவிச்சாத்தான் நான் இங்கன பேச முடியும். விடுவிக்கலையா, சென்னைதான். வாத்தியாரய்யா, எழுதிக் குடுங்க."

சென்னைத் தலைவருக்கு இங்கிலீஷில் அந்தக் கடிதத்தை எழுதுவதற்கு நான் பட்ட பாட்டை இங்கே விவரிக்கவில்லை. ஒருவர் கோழிக்கறி சாப்பிட்டதற்கும் இன்னொருவர் விமானம் கற்பதற்கும் உள்ள சம்பந்தத்தை நாலு தடவை கிழித்துக் கிழித்து எழுதினேன். இனிப்புக் கலக்கவில்லை. கடிதத்தோடு ஒரு தார் பழமும் போகவேண்டும் என்று ராக்கம்மாள் சொன்னார். மதுரையிலிருந்து சென்னைக்குப் போகிறவர் ஒருவரிடம் இரண்டையும் கொடுத்து அனுப்பினோம்.

பதில் உடனே வரவில்லை. ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்தது. அம்மாவாசி தினமும் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து தபால்காரருக்காக நின்றான். அம்மாவின் சொல்லைத் தாண்டிப் பெங்களூருக்கு ரயில் ஏற அவனுக்கு மனமில்லை. சென்னைக்குப் போகவும் மனமில்லை. தை நெருங்கிக்கொண்டிருந்தது. ராக்கம்மாள் வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டே, "வந்துச்சா?" என்று கேட்பார். "இல்ல" என்றால் மேலே பேசமாட்டார். அவருக்கும் அது எளிதாக இருக்கவில்லை. "மூணு வாரத்துல முடிச்சு விடுறாகளாமே" என்று ஒருநாள் தாமாகவே சொன்னார். "மூணு வாரத்துல ஒடம்பு பொய் சொல்றத நிறுத்திருமா, வாத்தியாரய்யா?" எனக்குத் தெரியவில்லை, அதையே சொன்னேன்.

பதில் வந்தது. வாய்க்கால் கரையில் நின்று நான் உரக்கப் படித்தேன். தம்மிடம் வருகிற யாருக்கும் சாப்பாடு போடுவது வழக்கம் என்றும், அதற்குக் கைமாறு எதுவும் எதிர்பார்ப்பதில்லை என்றும், மகன் எங்கே கற்றாலும் நன்றாகக் கற்கட்டும் என்றும், பழம் மிக ருசியாக இருந்தது என்றும் எழுதியிருந்தார். கடைசி வரியில், அம்மாளின் தம்பி எப்போது வந்தாலும் சாப்பாடு உண்டு என்று இருந்தது.

"பாத்தியாக்கா, மனுசன்!" என்றார் சின்னக்கருப்பு. அன்றுதான் ராக்கம்மாள் தம்பியோடு மறுபடி நேராகப் பேசினார். "பெரிய மனுசர்தான்" என்று ஒப்புக்கொண்டார். "ஆனா அந்தத் தஞ்சாவூர்த் தம்பி அவர் மொகத்தப் பாக்காமப் பேசியிருக்கலாம்."

அம்மாவாசி மறுநாளே பெங்களூருக்குப் போனான். அங்கிருந்து எனக்கு எழுதிய கடிதங்களில் பாதிக்கு மேல் மாதப்பாவைப் பற்றிய புகார்தான். படித்துக் காட்டும்போது ராக்கம்மாள் திருப்தியோடு கேட்பார். "இன்னும் திட்டுறாகளா?" "திட்டுகிறார்." "நல்லது."

கார்த்திகையில் தேர்வு. ராக்கம்மாள் என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். காலையிலிருந்தே வானம் தாழ்ந்து கிடந்தது. மாதப்பா எங்களைக் கண்டதும் காபி கொண்டுவரச் சொன்னார்.

"அந்தச் சென்னைக்காரர் விட்டுவிட்டார் என்று உன் மகன் சொன்னானே. இப்போது குடிக்கலாமே, அம்மா?"

"பொண்ணுன்னா பேசி முடிச்சதும் கை நனைக்கலாம். இது பிள்ளை" என்றார் ராக்கம்மாள். "உள்ள போயிட்டு வரட்டும்."

மாதப்பா காபியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

தேர்வு செய்ய வந்த அதிகாரி விமானத்தில் ஏறிக்கொண்டார். மாதப்பா கீழேயே நின்றார். அம்மாவாசி எங்கள் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினான். விமானம் ஓடி, எழும்பி, ஏறிக்கொண்டே போய், வெள்ளையாகத் தொங்கிய மேகத்துக்குள் புகுந்தது. புகுந்த இடத்தில் ஒரு அடையாளமும் இல்லை. கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

கருத்தக்கண்ணன் போன அன்று ராக்கம்மாள் உப்புக்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். அந்த மூட்டத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை. இன்று பார்த்தார். ஆனால் வானத்தை அவர் அதிக நேரம் பார்க்கவில்லை. மாதப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாதப்பா தம் தொப்பியைக் கையில் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்கா?" என்று ராக்கம்மாள் கேட்டார்.

"இருக்கிறது" என்றார் மாதப்பா. "அவன் நன்றாகக் கற்றவன். ஆனாலும் எனக்கு ஒவ்வொரு தடவையும் இருக்கிறது."

"அப்ப சரி" என்றார் ராக்கம்மாள். புல்லில் உட்கார்ந்துகொண்டார்.

சின்னக்கருப்பு அன்று காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பதையும் எழுதவேண்டும். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

முதலில் குஞ்ஞுண்ணிக்குத்தான் சத்தம் கேட்டது. அவர் கையை நீட்டினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் அல்ல, நேர் எதிர்ப்பக்கம். மேகத்தின் அடியிலிருந்து விமானம் தலையைக் காட்டியது. மைதானத்தின் ஓடுபாதைக்கு நேராக வந்தது. கோடு போட்டதுபோல நேராக. இறங்கியது, ஓடியது, நின்றது. அதிகாரி முதலில் இறங்கி மாதப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

அம்மாவாசி ஓடிவந்தான். "ஆத்தா, நேராத்தான் வந்தேன்."

"பாத்தேன்" என்றார் ராக்கம்மாள். அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாதப்பாவின் பக்கம் திரும்பினார். "எங்கங்க அந்தக் காப்பி?"

மாதப்பா தாமே ஓடிப்போய்க் கொண்டுவந்தார். பெரிய பித்தளைத் தம்ளர். எல்லாரும் நின்று பார்த்தோம். ராக்கம்மாள் ஆற்றி, ஒரு மிடறு குடித்து, கொஞ்சம் யோசித்தார்.

"சீனி பத்தல" என்றார்.

குஞ்ஞுண்ணி வாய்விட்டுச் சிரித்தார். "நான் வந்த நாளிலிருந்து சொல்கிறேன், அம்மா!"

"மகனை நேராக ஓட்டவைத்துக் கொடுத்தால் சீனி பத்தவில்லையாம்" என்று மாதப்பா எங்கள் எல்லாரிடமும் முறையிட்டுக்கொண்டே சீனி எடுக்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் ராக்கம்மாள் தம்ளரைக் காலிசெய்துவிட்டு, இன்னொன்று கேட்பதற்காக நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.